குளத்தடி வீதிச் சாவிகள்

கரைப்பாளையம்
22 செப்டம்பர் 2025

ஜெயக்கொடிக்கு,

என் போனை நீ எடுப்பதில்லை. சர்ச்சில் என் பக்கத்து இடத்தை விட்டுவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாய். நேற்று ஆயரே என்னை நிறுத்தி, "ஏனுங்க, தலைவருக்கும் கவுன்சிலருக்கும் சண்டைங்களா?" என்று கேட்டுவிட்டார். ஆகவே கடிதம். நம் ஆபீஸ் கிருபாசங்கர் கொண்டுவந்து தருவார். கோபத்தை அவரிடம் காட்டாதே, பாவம். உன் கடை மாவில்தான் அவர் வீட்டில் இட்லி வேகிறது.

நேராகவே கேட்கிறேன். சனிக்கிழமை வெள்ள ஒத்திகைக்கு ஏன் வரவில்லை?

பெரிய குளத்தின் கரை பழைய பலத்தில் இல்லை என்பது உனக்கும் தெரியும். ஐப்பசியில் அடைமழை பிடித்து நொய்யல் ஆற்றில் வெள்ளம் வந்தால் குளம் தளும்பும். கரை எங்கே விட்டாலும் தண்ணீர் முதலில் நுழைவது உன் ஏழாவது வார்டில், குளத்தடி வீதியில். தலைவராக உட்கார்ந்த நாள் முதல் எனக்கு இதே கவலை. இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்தவள் நான். தீப்பிடித்தால் எந்த நோயாளியை எந்தப் படிக்கட்டில் இறக்குவது என்று ஒத்திகை பார்த்துப் பார்த்துப் பழகியவள். ஆபத்து வந்த பிறகு யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அதனால்தான் அத்தனை ஏற்பாடும் செய்தேன். ஆட்டோவில் மைக் கட்டி, அறிவிப்பை நானே எழுதி, நானே பேசிப் பதிவு செய்தேன். தன்னார்வலர்கள் உன் வீதியில் வீடு விடாமல் போன் செய்தார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "வாரேனுங்க." அதை நம்பி மேட்டிலிருக்கும் சர்ச் கூடத்தில் அண்டா அண்டாவாகத் தக்காளிச் சோறு ஆக்கி வைத்தேன். கலெக்டர் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வேறு வந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் சிலர் சோற்று வாசம் பிடித்துப் பக்கத்து வீதியிலிருந்து வந்தவர்கள்.

ஆமாம், அன்று சாயங்காலம் கவுன்சில் கூட்டத்தில் எனக்குக் கோபம் வந்தது. "ஏழாவது வார்டுக்காரங்க வாய் கூசாமப் பொய் சொல்றாங்க" என்றேன். நீ எழுந்து போய்விட்டாய். ஆனால் நீயும் போனில் என்னிடம் "வாரேன்" என்றுதானே சொன்னாய், ஜெயா? மற்றவர்கள் சொன்னதைவிட அதுதான் எனக்கு வலிக்கிறது.

டெய்சி


குளத்தடி வீதி
25 செப்டம்பர் 2025

பெருமதிப்பிற்குரிய பேரூராட்சித் தலைவர் திருமதி டெய்சி அவர்களுக்கு,

ஏழாவது வார்டு உறுப்பினர் ஜெயக்கொடி பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமா? நான் நலம். பொய் சொல்கிற மற்றவர்களும் நலம்.

தாங்கள் போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் எங்கள் பேச்சு தங்கள் காதில் ஏறவில்லை. யாராவது கூப்பிட்டால் "வரமாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்கு வாய் வராது. கட்சிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் "வாரேனுங்க"தான், கடைத் திறப்புக்குக் கூப்பிட்டாலும் "வாரேனுங்க"தான். நிஜமாக வரவேண்டும் என்றால் வீடு தேடி வந்து கூப்பிட வேண்டும். தாங்கள் போனில் கூப்பிட்டீர்கள். தையல்கடை சஃபியாவைக் கேட்டேன். "மேடம் ஆபீஸ்ல இருந்து அத்தன மரியாதையாக் கூப்புடறாங்க, மாட்டேன்னு எப்படீங்க்கா சொல்றது?" என்றாள். இதற்குப் பெயர் பொய் அல்லங்க, தலைவர் அவர்களே.

வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டோவில் தங்கள் குரல் கணீரென்று வந்தது. "குளத்தடி வீதி மக்கள் தங்கள் வீடுகளை உடனடியாகக் காலி செய்து..." அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. காலி! அந்தச் சொல்லை எங்களிடம் இதுவரை யார் யார் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? வாடகை வீட்டில் இருந்தபோது வீட்டுக்காரர் சொன்னார். இங்கே சொந்தமாக ஓடு போட்டுக் குடியேறிய பிறகு, குளத்து ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்ட வந்தவர்கள் சொன்னார்கள். வேறோர் ஊரில் இருந்த, எங்கள் வீதி ஆட்டுக்காரி பூவாத்தாளின் தங்கச்சி குடும்பத்தை, "மழை வருது, ரெண்டு நாள் மண்டபத்துல இருங்க" என்று கூட்டிப்போனார்கள். திரும்பி வந்தால் வீடு இருந்த இடத்தில் மண்மேடு. பூவாத்தாள் இதைச் சொல்லாத நாள் கிடையாது.

தங்கள் ஆட்டோ திரும்பியதும் அவள் ஆடுகளையும் உள்ளே ஓட்டிக்கொண்டு கதவைத் தாழ் போட்டாள். "நாஞ் செத்தாத்தான் இந்த ஊடு காலி" என்று உள்ளிருந்தே கத்தினாள். அத்தனை வீதியும் வீட்டுக்குள் இருக்கும்போது நான் மட்டும் வந்து தக்காளிச் சோறு சாப்பிட்டிருக்க வேண்டுமா?

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
ஜெயக்கொடி


கரைப்பாளையம்
2 அக்டோபர் 2025

ஜெயா,

நீ என்னைக் கண்டபடி திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த "தாங்கள்" தாங்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கப் போத்தனூருக்கு வந்து என் ஜடையைப் பிடித்து இழுத்தவள் எனக்குப் பணிவுடன் எழுதிக்கொள்கிறாளாம்.

காலி என்ற சொல்லை நான் யோசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் "வார்டைக் காலி பண்ணுங்க" என்று நான் சத்தம் போட்டால் நோயாளிகளைக் காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். அதே சொல் உன் வார்டில் போய் வேறு மாதிரி விழுந்திருக்கிறது. அந்தப் பதிவை அழித்துவிட்டேன். இனி அந்தச் சொல் நம் ஆட்டோவில் ஏறாது.

அடுத்தது பூவாத்தாளின் பயம். அதை வாய்ப்பேச்சில் தீர்க்க முடியாது. இந்த மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். வெள்ளத்துக்குப் பயந்து மக்கள் விட்டுவந்த வீட்டை, அவர்கள் திரும்பிப் போய்ச் சேரும்வரை யாரும் அளக்கக் கூடாது, குறி போடக் கூடாது, தொடக் கூடாது. பேரூராட்சித் தீர்மானம் மற்ற இலாகாக்களைக் கட்டுப்படுத்தாது என்று செயல் அலுவலர் இப்போதே தலையைச் சொறிகிறார். உண்மைதான், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அது என்னைக் கட்டுப்படுத்தும். டேப்பை எடுத்துக்கொண்டு வருகிறவர் முதலில் என்னைத் தாண்ட வேண்டும். என்னைத் தாண்டுவது லேசான காரியமா என்று என்னிடம் வேலை பார்த்த நர்சுகளைக் கேட்டுப்பார்.

இனி நீ சொல். "வாரேனுங்க" என்பதை நம்பக் கூடாது என்றால் எதைத்தான் நம்புவது? வீட்டுக்குள் ஆள் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியவேண்டும். உள்ளே ஒரு உயிர் தங்கிவிட்டாலும் என்னால் அதற்கப்புறம் தூங்க முடியாது.

டெய்சி


குளத்தடி வீதி
8 அக்டோபர் 2025

டெய்சி அவர்களுக்கு,

பெருமதிப்பையும் திருமதியையும் எடுத்துவிட்டேன். "அவர்களுக்கு" என்பதை எடுப்பது தீர்மானம் நிறைவேறியதும் பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்டதை நாலு நாள் மாவு ஆட்டிக்கொண்டே யோசித்தேன். பதில் என் கண்ணுக்கு முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. என் கடையில் கிரைண்டருக்குப் பின்னால் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழனிக்கு நடந்து போகிறவர்கள், பிரசவத்துக்குப் போகிறவர்கள், சிங்காநல்லூரில் பஸ் ஏறி வெளியூர் போகிறவர்கள் எல்லோரும் வீட்டைப் பூட்டிச் சாவியை அங்கேதான் மாட்டிவிட்டுப் போவார்கள். இன்று நேற்று இல்லை, கடை போட்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம்.

வாயைக் கேட்காதீர்கள், சாவியைக் கேளுங்கள். வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டால் உள்ளே யார் இருக்க முடியும்?

ஆட்டோவிலும் அதையே சொல்லுங்கள். "ஊட்டப் பூட்டிப்போட்டு வாங்க." அது எங்களுக்குப் புரியும். காலி செய்கிறவன் பூட்ட மாட்டான், திறந்து போட்டுவிட்டுத்தான் போவான். திரும்பி வருகிறவன்தான் பூட்டுவான்.

ஆனால் சாவியை உங்கள் ஆபீஸ் ஆட்களிடம் யாரும் தரமாட்டார்கள். நான் வீடு வீடாகப் போய் வாங்குகிறேன். எனக்குத் தருவார்கள். பூவாத்தாள் மட்டும் ஆடுகளுக்கு இடம் கேட்கிறாள். "எனக்குக் கூடம், அதுகளுக்கு வெள்ளமாங்க?" என்றாள். அவள் கேட்பதும் நியாயம்தான்.

ஜெயக்கொடி


கரைப்பாளையம்
27 அக்டோபர் 2025

ஜெயா,

தீர்மானம் நிறைவேறியது உனக்கே தெரியும், நீயும் கை தூக்கினாய். முணுமுணுத்தவர்களை நான் ஒரு பார்வை பார்த்ததையும் நீ ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாய். மறைக்காதே. சந்தைக் கொட்டகையில் ஆடுகளுக்குத் தடுப்பு கட்டிவிட்டேன். பூவாத்தாள் வந்து, "மேலாப்புல ஒழுகுதுங்க" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுப் போனாள். தகரம் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை இரண்டாவது ஒத்திகையைப் பார்த்தாயல்லவா! என் குரலுக்குப் பதில் உன் குரல் ஆட்டோவில் போனதும் கதவுகள் திறந்துகொண்டன. கூடத்தில் உட்கார இடம் இல்லை, தக்காளிச் சோறு பற்றவில்லை, உப்புமாவுக்கு ரவை வாங்க ஆள் அனுப்பினேன். கிருபாசங்கர் தட்டு நிறையச் சாவியோடு நடந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை கையில் பெயர் கட்டுவதுபோல ஒவ்வொரு சாவியிலும் பிளாஸ்டர் ஒட்டி வீட்டுக்காரர் பெயர் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தடவை வேலை இன்னும் சுலபம்.

எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் நீ ஏன் அப்படியே திரும்பிப் போய்விட்டாய்? ஒரு வாய் சாப்பிட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் கடைசி பெஞ்சுதான். இன்னும் என்ன பாக்கி?

டெய்சி


குளத்தடி வீதி
30 அக்டோபர் 2025

டெய்சி,

"அவர்களுக்கு" போய்விட்டது, பார்த்துக்கொள்.

பாக்கி இருக்கிறது. "வாய் கூசாமப் பொய் சொல்றாங்க" என்று நாலு பேருக்கு நடுவில் சொன்னாய். நான் வீடு வீடாகச் சாவி வாங்கப் போனபோது சஃபியா கேட்டாள், "அக்கா, நாங்க பொய் சொல்றவங்கன்னு தலைவர் சொன்னாங்களாமே?" என்று. சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டும் நீ சமாதானம் எழுதினால் போதாது. நாலு பேருக்கு நடுவில் சொன்னதை நாலு பேருக்கு நடுவில் திரும்ப எடுத்துக்கொள். அதுவரைக்கும் எனக்குக் கடைசி பெஞ்சே போதும், அங்கே ஃபேன் காற்று நன்றாக வருகிறது.

மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. சாவி வாங்கும்போது பிளாஸ்டர் மழையில் நனையாதபடி பார்த்துக்கொள்.

ஜெயா


கரைப்பாளையம்
20 நவம்பர் 2025

ஜெயா,

அன்னூரில் உன் அக்கா வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது என்று அக்கா போனில் சொன்னார். உன்னிடம் கொடுங்கள் என்றேன், தூங்குகிறாய் என்றார். தூங்கினாயோ, வேண்டாம் என்று தலையை ஆட்டினாயோ, தெரியாது. வெள்ளம் வந்த அன்றைக்கு என் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நொய்யலில் தண்ணீர் ஏறுகிறது என்று மதியம் தகவல் வந்தது. உன் குரலோடு ஆட்டோவை அனுப்பினேன். அரை மணி நேரத்தில் சர்ச் மேட்டில் ஜனங்கள் ஏற ஆரம்பித்தார்கள். பூவாத்தாள் ஆடுகளை முன்னால் ஓட்டிக்கொண்டு, ஊர்வலம் போவதுபோல் வந்தாள். நீ வீடு வீடாக வாங்கித் தந்த சாவிகளைக் கிருபாசங்கர் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொட்டினார். நான் ஒவ்வொரு பிளாஸ்டராகப் படித்து மேஜைமேல் வீதியின் வரிசைப்படி அடுக்கினேன். எல்லா வீடும் வந்துவிட்டது. உன் மாவுக்கடைக்கு நேராக மட்டும் இடம் வெறுமையாகக் கிடந்தது.

போன் செய்தேன். இரண்டு மாதத்தில் முதல் முறையாக எடுத்தாய்.

"எங்க புள்ள இருக்கறே?"

"ஊட்லதான். நீ போனை வையி. வாரேன்."

ஜெயா, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பாடம் நடத்தியவளே நீதானே! தீயணைப்புக்காரர்களின் கயிறு, பஞ்சாயத்து டிராக்டர் இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "மேடம், நீங்க வேண்டாங்க, நாங்க போறோம்" என்று செயல் அலுவலர் தடுத்தார். அவரையும் ஏற்றிக்கொண்டேன்.

உன் வீட்டு முன்னறைக் கடையில், முழங்கால் தண்ணீரில் கிரைண்டர் மேல் உட்கார்ந்திருந்தாய், கையில் சாவியோடு. எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை ஜடையைப் பிடித்து இழுத்துப் போட்டிருப்பேன். "அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன். நீ நிமிர்ந்து பார்த்து, "அல்லாரும் எங்கிட்டக் குடுத்தாங்க. நா யாருகிட்டக் குடுக்கறது?" என்றாய்.

இத்தனை ஒத்திகை, இத்தனை பிளாஸ்டர். சாவி வாங்குகிறவளின் சாவியை யார் வாங்குவது என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. முதல் ஒத்திகையில் வராத வீட்டையெல்லாம் கணக்கெடுத்தவள், இரண்டாவதில் உன் வீட்டை மறந்துவிட்டேன்.

"எங்கிட்டக் குடு" என்றேன். நீ இறங்கி வந்து, தண்ணீருக்குள் கதவை இழுத்துப் பூட்டி, சாவியை என் கையில் வைத்து, "பத்தரம்" என்றாய். நாம் மேடேறிய கொஞ்ச நேரத்தில் மதகுப் பக்கம் கரை விட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வீதி முழுக்க ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். ஒரு உயிர் போகவில்லை, ஜெயா. ஒரு ஆடுகூடப் போகவில்லை. பூவாத்தாளே எண்ணிச் சொன்னாள்.

உன்னை அக்கா கூட்டிப்போன மறுநாள் காலையில் இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். குளத்து எல்லையை அளக்க இதுதான் நல்ல சமயமாம், ஆள் நடமாட்டம் இல்லையாம். நான் வீதி முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தீர்மானத்தைக் கையில் கொடுத்தேன். "ஆளுக ஊடு திரும்பட்டுங்க, அப்பறம் அவங்க கண்ணு முன்னால அளந்துக்கங்க" என்றேன். மேலே பேசிப் பார்த்தார்கள். நான் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் குடித்தேன். மதியத்துக்குள் போய்விட்டார்கள். திரும்பவும் வரலாம். வந்தால் நாற்காலி அங்கேயே இருக்கிறது.

அன்று சாயங்காலம் சர்ச் கூடத்தில் மைக்கைக் கையில் எடுத்தேன். மொத்த வீதியும் உட்கார்ந்திருந்தது, ஆயரும் இருந்தார். "குளத்தடி வீதிக்காரங்க பொய் சொல்றாங்கன்னு நான் கூட்டத்துல சொன்னேனுங்க. அதைத் திருப்பி எடுத்துக்கறேனுங்க. நீங்க பொய் சொல்லலீங்க, எனக்குத்தான் காது கேக்கலீங்க" என்றேன். சஃபியா முதலில் கை தட்டினாள். பூவாத்தாள், "செரி செரி, உடுங்க மேடம், சோறு ஆறுது" என்றாள். கேட்க வேண்டிய நீ மட்டும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வீதியில் சேறு வாரி முடித்துவிட்டார்கள். எல்லோரும் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டு மேஜையில் ஒரே ஒரு சாவி கிடக்கிறது. திட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்து, ஜெயக்கொடியின் சாவியை வாங்க வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். வந்து வாங்கிக்கொள். தயவுசெய்து "வாரேன்" என்று மட்டும் பதில் எழுதிவிடாதே.

டெய்சி


24 நவம்பர் 2025

அடி டெய்சி,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அன்னூரிலிருந்து கிளம்பிய பஸ்ஸில், மடியில் பை வைத்து அதன்மேல் எழுதுகிறேன். டிரைவர் பள்ளம் பார்த்து ஓட்டுகிற ஆள் இல்லை.

நீ மைக்கில் பேசியதை நீ எழுதுவதற்கு முன்பே மூன்று பேர் போனில் சொல்லிவிட்டார்கள். சஃபியா பதிவு செய்தே அனுப்பிவிட்டாள். நாலு தடவை போட்டுக் கேட்டேன். இத்தனை "ங்க" உன் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

அன்றைக்கு உனக்கு ஒன்று சொல்லாமல் விட்டேன். சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நான் அங்கே உட்காரவில்லை. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரியும். நீ வந்து கேட்கவேண்டும் என்று இருந்தது. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு வீம்பு பிடித்தேன், கிறுக்குச்சி. நீ டிராக்டரில் நின்றுகொண்டு கத்திய கத்தலைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார். கடைசி பெஞ்சில் ஃபேன் கெட்டுப்போய்விட்டது என்று ஆயரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

இதைத் தபாலில் போடவில்லை, கிருபாசங்கரிடமும் கொடுக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் வீட்டு வாசலில் நின்று, கதவுக்கு அடியில் தள்ளிவிடப் போகிறேன். படித்துவிட்டாய் அல்லவா? சாவியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திற. வந்துட்டேன்.

ஜெயா